நேபாள யாத்திரை – 5: காஷ்டமண்டபம்

சென்ற வாரம் பாக்மதி நதிக்கரையில் பசுபதிநாதரைத் தரிசித்தோம். இந்த வாரம் காட்மாண்டு மாநகரின் இருதயஸ்தானமாகிய ஹனுமான் டோகா தர்பார் சதுக்கத்துக்குச் செல்வோம். மல்ல மன்னர்களும் அவர்களுக்குப் பின் ஷா வம்சத்தாரும் அரசு புரிந்த அரண்மனையும், அதனைச் சூழ்ந்த ஆலயங்களும், கன்னித் தெய்வமாகப் பூஜிக்கப்பெறும் குமாரியின் மாளிகையும் நெருங்கி நிற்கும் அச்சதுக்கத்தின் தென்மேற்குப் பகுதியில், அந்நகருக்கே தன் நாமத்தை அளித்த காஷ்டமண்டபம் மூன்றடுக்குக் கூரையுடன் கம்பீரமாக நிற்கிறது.

அரசர்களின் கீர்த்தியை நிலைநாட்ட எழுந்த சின்னங்கள் நிறைந்த அவ்விடத்தில், இம்மண்டபம் மட்டும் வழிநடந்து களைத்தவன் தலைசாய்க்க எழுந்த தர்மசத்திரம். இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே சரக்குச் சுமந்து சென்ற வணிகரும், க்ஷேத்திராடனம் செய்த சாதுக்களும் அண்டி இளைப்பாறிய அக்கூடத்தின் மத்தியில் கோரக்நாதர் எழுந்தருளியிருக்கிறார். நான்கு மூலைகளிலும் விநாயகர் காவல் இருக்கிறார். ஒரே ஒரு சால மரத்தைக் கொண்டு மண்டபம் முழுவதும் கட்டப்பெற்றது என்பது அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகப் பக்தியுடன் சொல்லிவரும் ஐதீகம்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி, நண்பகலுக்குச் சில நிமிஷங்கள் முன்னர், 7.8 அளவுடைய பூகம்பம் நேபாளத்தை உலுக்கியபோது, இம்மண்டபம் அடியோடு சரிந்து விழுந்தது. அவ்வேளையில் அதனுள் இரத்ததானம் நடந்துகொண்டிருந்தது. முன்பின் அறியாதவர் உயிர் பிழைக்கத் தம் உதிரத்தைக் கொடுக்க வந்த புண்ணியவான்களில் சிலர் அவ்விடிபாட்டிலேயே மாண்டனர் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

பின்னர் நேபாளத் தொல்பொருள் இலாகாவினரும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அதுவரை பலரும் எண்ணியிருந்த கட்டடத்தின் அஸ்திவாரம் ஏழாம் நூற்றாண்டினது என்பதும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பூகம்பங்களைத் தாங்கிய அந்த அஸ்திவாரம் இம்முறையும் சிதையாமல் உறுதியாகவே இருந்தது என்பதும் அப்போது புலனாயின. மேல்தளங்களைச் சுமந்த நான்கு பெருந்தூண்களுள் ஒன்று தன் அடிக்கல்லோடு பொருந்தாமல் நின்றிருந்ததையும், 1960-களில் செப்பனிட்டபோது தரைக்குக் கீழே இருந்த அக்குறையை எவரும் கவனியாமல் விட்டதையும் அவர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே, மண்டபத்தின் வீழ்ச்சிக்குப் பழைய சிற்பிகளின் அறியாமையைக் காரணம் காட்டுவது தகாது. அவர்கள் செய்து வைத்ததைப் பிற்காலத்தவர் சிரத்தையுடன் பேணாததே பெருங்குறை.

ஜீர்ணோத்தாரணப் பணியை ஒப்பந்தக்காரர் வசம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்க நகர மக்கள் இசையவில்லை. தாங்களே முன்வந்து, அதிகாரிகளுடன் வாதாடி, மரம், செங்கல், மண்சாந்து ஆகிய பழைய பொருள்களைக் கொண்டு, பரம்பரைத் தொழிலறிவு கைவரப்பெற்ற நேவார் தச்சர்களின் உழைப்பால், பத்தாண்டுகள் நிறைவதற்கு முன்பே மண்டபத்தைப் பழைய வடிவிலேயே எழுப்பிவிட்டார்கள். இன்று அதன் தூண்களைத் தொட்டுப் பார்க்கும்போது, மரம் புதிது என்பது தெரிகிறது. ஆயினும் அதனை இழைத்து, செதுக்கி, ஆணிக்குப் பதிலாகக் கொளுவியால் பிணைத்த வித்தை மிகப் புராதனமானது. கட்டடம் அழிந்தாலும் அவ்வித்தையை அறிந்த கைகளும், அதனைத் தமதென்று எண்ணும் மக்களும் இருக்கும் வரையில் ஒரு நாட்டின் செல்வம் அழிவதில்லை.

முக்திநாத் என்னும் சாளக்கிராம திவ்ய தேசத்தைச் சேவிக்க நம் நாட்டிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ அடியார்கள் காட்மாண்டு வழியாகச் செல்கிறார்கள். அவர்கள் ஒரு மணி நேரமேனும் ஒதுக்கி, இந்தச் சத்திரத்தையும் தரிசித்து வர வேண்டும். திரும்பிய பின், தத்தம் ஊரில் பாழடைந்து கிடக்கும் சத்திரங்களையும் மண்டபங்களையும் காக்க முன்வர வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.