மூன்றாவது பெடல் தேவையா?

2013-ல் போர்ஷே புதிய 911 ஜிடி3 காரைக் காட்டியபோது அதில் கிளட்ச் பெடலே இல்லை. பிடிகே என்று அந்த நிறுவனம் அழைக்கும் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். ரேஸ் டிராக்கில் நேரத்தைக் குறைப்பதற்கென்றே பிறந்த கார். மனிதக் கையைவிட வேகமாகக் கியர் மாற்றும் பெட்டி இருக்கும்போது பழையது எதற்கு என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் 2016-ல் அதே நிறுவனம் மேனுவல் கியர் மட்டுமே கொண்ட 911 ஆர் காரை 991 எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டபோது, கைமாறும் விலை மடங்குக் கணக்கில் எகிறியது. அடுத்த ஆண்டே ஜிடி3-க்கு மேனுவல் திரும்பி வந்தது. அதுவும் கூடுதல் காசு வாங்காமல்.

2021-ல் வந்த ஜிடி3-யில் இரண்டும் கிடைத்தன. ஒரே 4 லிட்டர் எஞ்சின், ஒரே 510 பிஎஸ் பவர். 0-100 கி.மீ. வேகத்துக்குப் பிடிகே எடுப்பது 3.4 வினாடி, மேனுவல் 3.9. எடையில் மேனுவல் 17 கிலோ குறைவு. உச்ச வேகத்தில் பிடிகே 318, மேனுவல் 320. வினாடிதான் முக்கியம் என்பவர் பிடிகே வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். மற்றவர்கள் பார்க்க வேண்டியது வேறு: கார் எந்த எஞ்சினோடு, எந்த கியர் விகிதத்தோடு வருகிறது, அதை எந்த ரோட்டில் ஓட்டப்போகிறோம் என்பதைத்தான். ‘மேனுவல்தான் உண்மையான கார்’ என்று அடித்துச் சொல்பவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை.

முதலில் ஆட்டோமேட்டிக் என்பது ஒரே பொருள் இல்லை. டூயல் கிளட்ச் பெட்டியில் 1, 3, 5 என ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சிலும், 2, 4, 6 என இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றிலும் இருக்கும். நீங்கள் மூன்றில் போகும்போதே நான்கு தயாராகக் கோத்து நிற்கும். ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்வதால் இழுவை அறுபடுவதில்லை. அந்த அரை வினாடி வித்தியாசத்தில் ஒரு பங்கு இதிலிருந்து வருகிறது. இரண்டாவது வகை டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் வழியாகச் சக்தி கடத்தும் பழைய முறை. ஒரு காலத்தில் சோம்பேறிப் பெட்டி என்று ஒதுக்கினார்கள். இன்று பிஎம்டபிள்யூ எம் கார்களிலும் டொயோட்டா ஜிஆர் சுப்ராவிலும் உள்ள எட்டு கியர் பெட்டி இந்த வகைதான். அதைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது, ஒரே கிளட்சை மோட்டாரோ ஹைட்ராலிக்கோ இயக்கும் வகை. 1997-ல் ஃபெராரி எஃப்355-ல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்து வந்தது இதுதான். நம் ஊர் சின்ன கார்களில் ஏஎம்டி என்று வருவதும் அடிப்படையில் அதே தத்துவம்தான், கியர் மாறும்போது தலை முன்னே போய்ப் பின்னே வரும் அந்த ஆட்டம் உட்பட. பழைய ஃபெராரி ஓட்டியவரும் ஏஎம்டி கார் ஓட்டியவரும் ஒரே குறையைச் சொல்லிக்கொள்ள முடியும் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பைத் தரும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்த வகை ஸ்போர்ட்ஸ் கார் மலிவாகக் கிடைத்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றாலே வேகம் என்பதும் இல்லை. டொயோட்டா ஜிஆர்86-ல் 0-100-க்கு மேனுவல் 6.3 வினாடி, ஆட்டோமேட்டிக் 6.9. டர்போ இல்லாத 2.4 லிட்டர் எஞ்சின் அது. சக்தி மேல் ஆர்பிஎம்-மில்தான் முழுசாக வரும். அங்கேயே எஞ்சினை வைத்திருக்க வேண்டியது ஓட்டுநர் வேலை. மாஸ்டா எம்எக்ஸ்-5-ம் இதே ரகம். இந்த மாதிரி லேசான, டர்போ இல்லாத காரில் மேனுவல் எடுக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கியதில் பாதியைக் கடையிலேயே விட்டு வருகிறீர்கள்.

பெரிய டர்போ எஞ்சின் வந்தால் கதை மாறுகிறது. பிஎம்டபிள்யூ எம்4-ஐப் பாருங்கள். 2021 மாடலில் மேனுவல் காருக்கு 480 பிஎஸ், 550 நியூட்டன் மீட்டர் டார்க். ஆட்டோமேட்டிக்கில் வரும் காம்பெடிஷன் மாடலுக்கு 510 பிஎஸ், 650 டார்க். எஞ்சின் அதேதான், கையால் மாற்றும் பெட்டியோடு வருவதற்குச் சுருதி குறைவு. தவிர, டர்போ எஞ்சினில் கீழ் ஆர்பிஎம்-மிலிருந்தே இழுவை ஒரே சீராகக் கிடைப்பதால், எந்த கியரில் இருந்தாலும் கார் பாயும். சரியான கியரைத் தேடிப் பிடித்ததற்கான பரிசு அங்கே கொஞ்சம்தான். இந்த ரகத்தில் என் ஓட்டு ஆட்டோமேட்டிக்குக்கே.

விளம்பரத் தாளில் யாரும் பார்க்காத ஒன்று கியர் விகிதம். போர்ஷே 718 கேமன் ஜிடி4 மேனுவலில் இரண்டாவது கியரை முழுக்க இழுத்தால் 130 கி.மீ. தாண்டிவிடும். மூன்றாவது கியரை முழுசாகப் பயன்படுத்த வேண்டுமானால் லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கியர் லீவர் அருமையாக இருக்கிறது, மாற்றத்தான் சந்தர்ப்பம் இல்லை. டொயோட்டா பிற்பாடு சுப்ராவில் மேனுவல் சேர்த்தபோது வேறு மாதிரி யோசித்தது: கடைசிப் பல்சக்கர விகிதத்தை 3.15-லிருந்து 3.46 ஆக மாற்றியது. கியர்கள் சுருங்கின, கைக்கு வேலை கூடியது. ஆகவே டெஸ்ட் டிரைவில் 60-லிருந்து 100-க்குள் எத்தனை முறை கியர் மாற்றத் தோன்றுகிறது என்று கவனியுங்கள். ஒரு முறைகூட இல்லை என்றால் மூன்றாவது பெடல் வெறும் அலங்காரம்.

மேனுவலின் சுகம் கியர் ஏற்றும்போது இல்லை, இறக்கும்போதுதான். வளைவுக்கு முன் வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்துகிறது. இடது கால் கிளட்சை மிதிக்க, கை மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கிறது. அதே நொடியில் வலது காலின் ஓரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றுகிறது. கிளட்சை விடும்போது சக்கரத்தின் வேகமும் எஞ்சின் வேகமும் ஒத்துப்போனால் கார் சிலிர்க்காமல் உள்ளே நுழையும். இல்லையென்றால் பின்பக்கம் உதறும். இப்போதைய மேனுவல் கார்கள் பலவற்றில் அந்தத் தட்டைக் கம்ப்யூட்டரே கொடுத்துவிடுகிறது. அதை அணைக்க வழி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கற்றுக்கொள்ள ஆசையே இல்லாதவருக்கு, அணைக்கவும் தோன்றாதவருக்கு, பேடில் வைத்த காரே நல்லது.

தினமும் ஆபீஸுக்கு இதே காரில்தான் போவீர்கள் என்றால் டெஸ்ட் டிரைவை நெரிசல் நேரத்தில் கேளுங்கள். அதிக டார்க் தாங்கும் கிளட்சுக்கு அழுத்தும் ஸ்பிரிங்கும் பலமாகத்தான் இருக்கும். ஹாஃப் கிளட்சில் அரை மணி ஊர்ந்தால் முழங்கால் சொல்லிவிடும். மேடான பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்தும் பாருங்கள். லண்டன் வாசகர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் பாஸ் செய்தவர் அந்த லைசென்ஸை வைத்து மேனுவல் ஓட்ட முடியாது.

பழைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. மூன்றிலிருந்து நான்குக்குப் போக நினைத்த கை, பதற்றத்தில் இரண்டில் விழுந்தால், சக்கரங்கள் எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றும். ஆர்பிஎம் லிமிட்டர் எரிபொருளைத்தான் நிறுத்தும். சக்கரத்திலிருந்து வரும் வேகத்தை அதால் நிறுத்த முடியாது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து முட்டினால் எஞ்சினே போச்சு. பிடிகே போன்ற பெட்டி இப்படிப்பட்ட கட்டளையை ஏற்கவே ஏற்காது. போர்ஷே கார்களின் கண்ட்ரோல் யூனிட் இந்த எல்லைமீறல்களை நிலைவாரியாகப் பதிந்து வைக்கிறது, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணியில் கடைசியாக நடந்தது என்பது வரை. சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டினால் பிரிண்ட் கிடைக்கும். கீழ் நிலைகளில் எண்கள் இருந்தால் கவலை வேண்டாம், லிமிட்டர் வரை இழுத்து ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மேல் நிலைகளில், அதுவும் அண்மையில் பதிவு இருந்தால் விலகிவிடுங்கள். விற்பவர் அந்த பிரிண்ட் எடுக்கவே தயங்கினால், வேறு காரைப் பாருங்கள்.