ஊர் கொதிக்கும் நாளில் உடம்பையும் மனசையும் காப்பது எப்படி?

கல்லைவிட வேகமாகப் பறக்கும் வதந்தி!

2016 டிசம்பர் 5-ந்தேதி மாலை. முதல்-அமைச்சர் ஜெயலலிதா காலமாகிவிட்டதாகச் சில டி.வி.க்களில் செய்தி ஓடியது. ஆஸ்பத்திரி உடனே மறுத்தது. அதற்குள் சென்னையே ஓட்டம் பிடித்தது! கடைகளின் ஷட்டர்கள் மளமளவென்று இறங்கின. ஆபீசுகள் காலியாயின. பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட கியூ.

அவர் காலமானது அன்று இரவு 11.30 மணிக்கு. மறுநாள் மெரினா வரை லட்சக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் முந்தின மாலை வீடு போய்ச் சேர்வதற்குள் எத்தனை நெஞ்சுகள் படபடத்தன!

நெஞ்சு படபடப்பு

பயம் வந்தால் நாடி வேகமாகத் துடிக்கும். ரத்த அழுத்தம் எகிறும். சர்க்கரையும் ஏறும். ஆபத்து விலகினால் தானாக இறங்கிவிடும். ராத்திரி 2 மணி வரை போனைத் தடவிக்கொண்டே இருந்தால் எப்படி இறங்கும்? காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை செய்தி பாருங்கள். போதும்.

3 கேள்வி

வதந்தி உயிரையும் குடிக்கும். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோவிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவரை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அந்தப் புரளி ஊர் ஊராகச் சுற்றியது.

"அங்கே சுட்டுட்டாங்களாம்!" என்று யாராவது அனுப்பினால் 3 கேள்வி கேளுங்கள். யார் பார்த்தது? எந்த இடம்? எத்தனை மணிக்கு? பதில் இல்லையா? அது உங்கள் போனோடு நிற்கட்டும்.

வேடிக்கை வேண்டாம்

2017 ஜனவரி 23-ந்தேதி, ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியிருந்தவர்களைப் போலீசார் அப்புறப்படுத்தினார்கள். கலவரம் மூண்டது. ஐஸ் அவுஸ் போலீஸ் நிலையத்தில் தீ! நடுக்குப்பம் மீன் மார்க்கெட்டும் எரிந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் வேடிக்கை பார்க்க நிற்பவன் யார், கல் எறிந்தவன் யார் என்று லத்திக்குத் தெரியாது.

கண்ணீர்ப்புகை பட்டால் கண்ணைக் கசக்காதீர்கள். காற்றோட்டமான இடத்துக்கு நகர்ந்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வீட்டுக்குப் போனதும் சட்டையை மாற்றுங்கள்.

பையில் என்ன இருக்கணும்?

பிரஷர், சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். ஆபீஸ் பையில் 2 நாள் மாத்திரை, தண்ணீர், பிஸ்கட், கொஞ்சம் சில்லறை. பஸ் நின்றுவிட்டால் நடந்து போக எந்தத் தெரு, வழியில் யார் வீடு என்று முன்னாடியே யோசித்து வையுங்கள். "வந்துக்கிட்டிருக்கேன்" என்று வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அங்கே காத்திருப்பவர்களுக்கும் நெஞ்சு இருக்கிறதே!

கடைக்காரர்களே, அக்கம்பக்கம் சத்தம் கேட்டால் சீக்கிரமே பூட்டுங்கள். கடைப் பையன்களை ஜோடி ஜோடியாக அனுப்புங்கள். அன்றைய கூலியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மறுநாள் கடை திறக்காவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

தூக்கம் வராவிட்டால்

குழந்தைகள் முன்னால் தீ எரியும் படங்களைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். சாப்பாடு, தூக்கம் இரண்டும் வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். ஊர் அடங்கிப் பல நாள் ஆகியும் தூக்கம் வரவில்லை, சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுகிறது என்றால் வெட்கப்படாமல் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசாங்க மனநல உதவி, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. நெஞ்சு வலி என்றால் யோசிக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியிடம், "பால் இருக்கா, மாத்திரை இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் படுங்கள். அவருக்கும் தைரியம் வரும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

பூட்டிய கடையை மறுநாள் திறக்கலாம். போன உயிர் திரும்பாது!