ஏசி அறையில் ஆந்தூரியம்... இலை நுனி ஏன் கருகுகிறது?

ஆசையாக வாங்கி ஹாலில் வைத்த ஆந்தூரியம், மண் ஈரமாக இருந்தும் நுனி கருகுகிறதா? தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். குறை மண்ணில் இல்லை, பெரும்பாலும் காற்றில்தான்.

ஆந்தூரியத்தின் தாயகம், கொலம்பியா, ஈக்வடார் பகுதி மழைக்காடுகள். காற்றில் 60 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் செழிக்கும். ஏசியோ அறையின் ஈரத்தை இழுத்து வெளியேற்றுகிறது. வெளியே குழாயில் சொட்டுவது அந்த ஈரம்தான். வறண்ட காற்றில் இலை வேகமாக நீரை இழக்க, வேரால் ஈடுகொடுக்க முடியாமல் நுனி முதலில் காய்கிறது.

என்ன செய்யலாம்?

* ஏசி காற்று நேராகப் படாத, வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். முதல் வைத்தியம் இதுதான்.

* செடிகளைச் சேர்த்து வையுங்கள். ஒன்று வெளிவிடும் ஈரம் மற்றதற்கு உதவும்.

* தட்டில் கூழாங்கல் பரப்பி, கற்கள் மூழ்காத அளவு தண்ணீர் விட்டு, மேலே தொட்டியை வைத்தால் ஓரளவு பலன் உண்டு. கொசு முட்டையிடாமல் இருக்க, வாரம் இருமுறை தட்டைக் கழுவுங்கள்.

* ஸ்ப்ரே செய்த ஈரம் சீக்கிரமே காய்ந்துவிடும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

* மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்தபின் தண்ணீர் ஊற்றுங்கள்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. அடுத்து விரியும் இலையைக் கவனியுங்கள். அது முழுப் பச்சையாக வந்தால், செடி பிழைத்துக்கொண்டது!