மாசிக்காய்... அது காயே இல்லை!

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் உரைமருந்து டப்பாவைத் திறந்தால் வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு உருண்டையாக, மேலே சின்னச் சின்ன முண்டுகளோடு மாசிக்காயும் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோம், பாட்டி சொன்னபடி கல்லில் உரைக்கிறோம். இது எந்த மரத்தின் காய் என்று என்றாவது யோசித்திருக்கிறோமா?

உண்மையில் இது காயே இல்லை. ஒரு குளவியின் தொட்டில்!

துருக்கி, சிரியா, ஈரான் பகுதிகளில் ஒருவகை ஓக் மரம் வளர்கிறது. எறும்பளவே உள்ள ஒரு குளவி, அதன் மொட்டில் முட்டையிடும். முட்டை பொரிந்ததும், புழுவைச் சுற்றி மரமே சதை வளர்த்து உருண்டையாக மூடிவிடும். புழுவுக்கு அதுவே வீடு, அதுவே சாப்பாடு. சிறகு முளைத்ததும் சுவரில் துளை போட்டு வெளியேறிவிடும்.

அந்தச் சுவரில் நிறைந்திருப்பது டானின். நாக்கில் படும் துவர்ப்பு அதனால்தான். இதை இரும்பு உப்போடு கலந்தால் கறுப்பு மை. ஐரோப்பாவில் 1,000 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மையில்தான் எழுதினார்கள்.

வாங்கும்போது கவனியுங்கள். துளை இருந்தால் குளவி பறந்துவிட்டது என்று அர்த்தம். துளை இல்லாத, கனமான, கருநீலக் காயில்தான் டானின் அதிகம். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

உலகில் சுமார் 430 வகை ஓக் மரங்கள் உண்டு. அவற்றை நம்பி வாழும் குளவிகள் மட்டுமே ஏறக்குறைய 1,000 வகை. ஒன்று மொட்டில், ஒன்று இலையில், இன்னொன்று வேரில் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வடிவத்தில் வீடு கட்டிக்கொள்ளும். பிரிட்டனில் ஓக் மரத்தோடு தொடர்புள்ள உயிர்கள் 2,300 வகை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 326 வகைகளுக்கு ஓக்கை விட்டால் வேறு கதியில்லை.

கவலையே இங்கேதான். 2020-ல் வெளியான சிவப்புப் பட்டியலின்படி, நூற்றுக்கும் மேற்பட்ட ஓக் இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. ஒரு மரம் போனால் இன்னொன்றை நடலாம் என்பது நம் கணக்கு. ஆனால், குறிப்பிட்ட மரத்தில் மட்டுமே முட்டையிடத் தெரிந்த குளவிக்கு அந்தக் கணக்கு செல்லாது. மரம் போகும்போது, நாம் பெயர்கூட அறியாத பூச்சிகளும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்த முறை மாசிக்காயைக் கையில் எடுத்தால், துளை இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஒரு மரமும் ஒரு பூச்சியும் சேர்ந்து கட்டிய வீடு அது!