லேசர் பாடமும் ஒரு பழைய சிடியும்

பி.இ. முதலாண்டு பிசிக்ஸில் லேசர் ஒரு யூனிட். ஸ்டிமுலேட்டட் எமிஷன், பாப்புலேஷன் இன்வர்ஷன், என்டி-யாக் லேசர் படம் என எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதினேன். நல்ல மார்க் வந்தது. சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த பின் அத்தனையும் மறந்து போனது.

சென்ற மாதம் என் சித்தப்பா மகள் அதே பாடத்தோடு வந்தாள். செமஸ்டர் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கிரேட்டிங் கணக்கின் பார்முலாவை எழுதிக் காட்டினேன். "அது சரிண்ணா, ஏன் அப்படி வருது?" என்றாள். விழித்தேன். எனக்குத் தெரிந்தது பார்முலா மட்டும்தான்!

அலமாரியில் பழைய சிடி ஒன்று கிடந்தது. பிரசன்டேஷனுக்கு வாங்கிய சிவப்பு லேசர் பாயிண்டரும் இருந்தது. அதன் அலைநீளம் 650 நானோமீட்டர். சார்ட் பேப்பரில் சிறு துளையிட்டு, 10 செ.மீ. தள்ளி சிடியை நேராக நிறுத்தினோம். துளை வழியே ஒளியைப் பாய்ச்சியதும், துளையின் இருபுறமும் சார்ட்டில் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி விழுந்தது. துளையிலிருந்து புள்ளிக்கு 4.5 செ.மீ.; சிடியிலிருந்து புள்ளிக்குச் சுமார் 11 செ.மீ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.41. இதால் 650ஐ வகுத்தால் ஏறக்குறைய 1,585 நானோமீட்டர். சிடியில் அடுத்தடுத்த இரு டிராக்குகளுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம் 1,600 நானோமீட்டர். சாதாரண ஸ்கேலால் அளந்துவிட்டோம்!

அவள் கேட்ட 'ஏன்' என்பதற்கும் விடை கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து டிராக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிகள், சரியாக ஓர் அலைநீளம் வித்தியாசப்படும் திசையில் ஒன்றோடொன்று சேர்ந்து பிரகாசமாகின்றன. அந்தத் திசையில்தான் புள்ளி தெரிகிறது.

சிடிக்குப் பதில் டிவிடியை வைத்தோம். புள்ளி 18 செ.மீ. தள்ளிப் போனது. டிராக் இடைவெளி 740 நானோமீட்டர்தான். டிராக்குகள் நெருங்கினால் அதிகம் பதியலாம். ஆனால் அவற்றைப் படிக்க நுண்ணிய ஒளிப்புள்ளி வேண்டும். அதற்கு அலைநீளம் குறைய வேண்டும். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், 700 எம்பி. டிவிடிக்கு 650, 4.7 ஜிபி. ப்ளூ-ரேக்கு 405, ஓர் அடுக்கில் 25 ஜிபி.

நீங்களும் செய்து பாருங்கள். லேசர் ஒளியை மட்டும் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள். சிடி கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும் என்பதால் அந்த ஒளியும் கண்ணில் படக் கூடாது. சிறுவர்களிடம் பாயிண்டரைக் கொடுக்காதீர்கள்.

தங்கை தேர்வு எழுதிவிட்டாள். மார்க் இன்னும் வரவில்லை. இனி யாராவது 'ஏன்' என்று கேட்டால் இருவரும் விழிக்க மாட்டோம்.