தராசுக்கும் தட்டுக்கும் நடுவே

கோவையிலிருந்து மேற்கே போகும் சாலை ஆனைக்கட்டியில் கேரளத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து அட்டப்பாடி. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைவீதியில் மலையாளத்தோடு தமிழும் தாராளமாகக் கேட்கும். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் இங்கே 192 ஊர்களில் வாழ்கிறார்கள்.

2013-ல் இந்த மலை நாடெங்கும் செய்தியானது. பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. பல குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தவை. தாய்மார்களுக்கு ரத்தசோகை. சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயரெடுத்த கேரளம் தலைகுனிந்தது.

திட்டங்களுக்கா பஞ்சம்? அங்கன்வாடித் திட்டம் 1975-லேயே வந்துவிட்டது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் எல்லோருக்கும் அங்கே உணவு உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் குடும்பஸ்ரீ பெண்கள் கோதுமை, கடலை, சோயா சேர்த்துத் தயாரிக்கும் 'அமிர்தம்' சத்துமாவு வீட்டுக்கே தரப்படுகிறது. பழங்குடிக் கர்ப்பிணிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் மாநிலத் திட்டமும் இருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில். ரத்தசோகையைக் கண்டுபிடிப்பது சுகாதார நிலையம். உணவு இருப்பது அங்கன்வாடியில். அரிசி ரேஷன் கடையில். உதவித்தொகை பழங்குடியினர் நலத்துறையில். நாலு வாசல் ஏறி இறங்க, கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நேரம் ஏது?

2013-க்குப் பிறகு இந்த இடைவெளியை அடைக்க முயற்சி நடந்தது. ஊர்களில் குடும்பஸ்ரீயின் சமூகச் சமையலறைகள் தொடங்கின. மருத்துவ நிலையங்களோடு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் சேர்ந்தன. குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு. அப்படிப்பட்ட குழந்தையைத் தாயோடு தங்கவைத்து உணவும் சிகிச்சையும் தருவது இந்த மையங்களின் வேலை. ஆனாலும் 2021 நவம்பரில் மீண்டும் குழந்தைச் சாவுகள். ஒருமுறை விழித்துக்கொண்டால் போதாது என்பது அப்போது புரிந்தது.

இடுக்கியின் கதையும் தூரமில்லை. முதுவர்கள் வாழும் இடமலக்குடி 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து ஆனது. ஆனால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்த காலம் அதன்பிறகும் நீடித்தது. மருந்துக்கே இந்தப் பாடு என்றால் சத்துமாவுக்கு?

நாலு வாசலையும் இணைக்க ஒரு சிறு காகிதம் ஏற்கெனவே இருக்கிறது: தாய் சேய் பாதுகாப்பு அட்டை. சுகாதாரத் துறைக்கும் அங்கன்வாடிக்கும் அது பொது. அதிலுள்ள வளர்ச்சிக் கோடு பச்சைப் பட்டையைவிட்டு இறங்கினால், தடுப்பூசி போடும் நர்ஸே ஆஷா பணியாளரையும் அங்கன்வாடி ஊழியரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். தாயும் கேட்கலாம்: "எடை எவ்வளவு? என் பெயர் அங்கன்வாடியில் இருக்கிறதா? உதவித்தொகைக்கு மனு யார் எழுதுவார்?"

அட்டையில் எடையை எழுதுவதோடு நர்ஸின் வேலை முடிந்துவிடக் கூடாது. அந்த எடைக்கான சோறு வீட்டுத் தட்டில் விழுந்ததா என்று அடுத்த மாதம் கேட்கவும் ஒருவர் வேண்டும்.