மடத்தை விட்டவர், மடம் விடாதவர்

1969-ன் தொடக்கம். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஆன்ஸ் கல்லூரி. மாணவிகள் இரவு உணவுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். தாமதமாக உள்ளே வருகிறார் ஓர் இளம்பெண். வந்தவர் சட்டென்று மண்டியிட்டு, குனிந்து, தரையை முத்தமிடுகிறார். சுற்றியிருந்தவர்கள் திகைத்துப்போகிறார்கள்.

அவர் அப்போதுதான் கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்திருந்தார். தாமதமாக வந்தால் தரையை முத்தமிட்டு மன்னிப்பு கேட்பது மடத்தின் ஒழுங்கு. துறவு வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது என்பது மூளைக்குத் தெரியும். முழங்காலுக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தப் பெண்தான் கேரன் ஆம்ஸ்ட்ராங். பின்னாளில் 'கடவுளின் வரலாறு' (1993) எழுதி உலகப் புகழ்பெற்ற மத வரலாற்று எழுத்தாளர். இறுகிய ஒரு நம்பிக்கை அமைப்பைவிட்டு வெளியேறுபவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நம்பிக்கை போய்விடும்; அது பழக்கிவைத்த மனம் அவ்வளவு எளிதில் போகாது.

ஊசி இல்லாத தையல் இயந்திரம்

1962-ல், 17 வயதில், கடவுளைக் கண்டடையும் ஆசையோடு மடத்தில் சேர்ந்தார் கேரன். அதே ஆண்டில்தான் ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. கத்தோலிக்கத் துறவு வாழ்க்கையின் பல கெடுபிடிகளை அது தளர்த்தப்போகிறது. ஆனால், கேரன் பயிற்சி பெற்றது பழைய முறையில்.

அந்த முறையின் இலக்கு, சுயவிருப்பத்தை உடைப்பது. ஊசி இல்லாத தையல் இயந்திரத்தை மிதித்துப் பழகும்படி ஒருமுறை கட்டளை வந்தது. நாள்கணக்கில் மிதித்தார். நெருங்கிய தோழமைக்குத் தடை. கண்ணீருக்கும் கோபத்துக்கும் 'சுயநலம்' என்று பெயர். அவர் அடிக்கடி மயங்கி விழுந்தபோது, கவனத்தை ஈர்ப்பதற்கான நாடகம் என்று கண்டித்தார்கள். வெளியுலகச் செய்திகளும் வடிகட்டியே வந்தன. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றிச் சொன்ன மேலதிகாரிகள், அது தீர்ந்துவிட்டது என்று சொல்ல மறந்துபோனார்கள். இளம் துறவிகள் மூன்று வாரம் உலக அழிவுக்காகக் காத்திருந்தார்கள்!

இதில் யாரும் கொடுமைக்காரர் இல்லை என்பதுதான் சிக்கல். ஆன்மாவைச் செம்மைப்படுத்துகிறோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961-ல் வெளியிட்ட ஆய்வு நூல் இங்கே உதவும். கம்யூனிஸ்ட் சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்தம்' என்ற பெயரில் மூளைச்சலவைக்கு உள்ளான 25 மேற்கத்தியரையும் 15 சீனரையும் ஹாங்காங்கில் சந்தித்துப் பேசி எழுதியது அது. இத்தகைய சூழல்களுக்குப் பொதுவான எட்டு இயல்புகளை அவர் பட்டியலிட்டார். அதில் இரண்டு, அப்பழுக்கற்ற தூய்மையைக் கோருவதும், ஓயாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதும். இரண்டும் சேர்ந்தால் மனதுக்குள் தனி இடம் என்று ஒன்று மிஞ்சாது. பயமோ ஆசையோ எழும்போதே அதற்குத் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும். தீர்ப்பு முந்திக்கொள்வதால் 'எனக்கு இப்போது என்ன தோன்றுகிறது' என்று கவனிக்கும் பழக்கமே வளராது.

சரியான விடை, சொந்தமில்லாத விடை

கல்லூரியில் கேரன் கெட்டிக்கார மாணவி. அறிஞர்களின் கருத்துகளை அலசி அருமையான கட்டுரைகள் எழுதுவார். முதல் வகுப்பில் தேறினார். ஆனால், ஒரு கவிதையைப் படித்து 'உனக்கு எப்படி இருந்தது' என்று கேட்டால் பதில் இருக்காது. உள்ளே எதுவும் அசையவில்லை. சக மாணவர்கள் பீட்டில்ஸ் பாடல்களுக்கு ஆடிக்கொண்டிருந்த காலம். அந்த இசை அவருக்குப் புதிது. யாராவது அன்போடு தொட்டால்கூட உடல் விறைத்துக்கொள்ளும்.

மத அடிப்படைவாதத்திலிருந்து வெளியேறுபவர்களுக்கு ஆலோசனை தரும் அமெரிக்க உளவியலாளர் மார்லீன் வினெல் இதே நிலையைப் பலரிடம் கண்டவர். மிஷனரி குடும்பத்தில் வளர்ந்து வெளியே வந்த அவர் 1993-ல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். 2011-ல் 'மத அதிர்ச்சி நோய்க்குறி' என்ற பெயரையும் முன்வைத்தார். மனநல மருத்துவக் கையேடுகள் அதைத் தனி நோயாக ஏற்கவில்லை. ஆனாலும், முடிவெடுக்கத் தெரியாத தவிப்பு, காரணமில்லாத குற்றவுணர்வு, நரகத்தை நம்பாத பிறகும் தொடரும் நரக பயம் என்று அவர் அடுக்கும் அனுபவங்களை வெளியேறியவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

கேரனின் பயத்துக்கு இன்னொரு வேரும் இருந்தது. விசித்திர வாசனைகள், திடீர்த் திகில், நினைவு தப்பும் கணங்கள். மடத்தில் இதைப் பலவீனம் என்றார்கள். வெளியே பார்த்த மனநல மருத்துவர்களோ, எல்லாம் அடக்கிவைத்த உணர்ச்சிகளின் விளைவு என்றார்கள். 1976-ல் வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது: மூளையின் பொட்டு மடலில் கால்-கை வலிப்பு நோய். கேட்டதும் அவருக்கு வந்தது பெரும் நிம்மதி. பைத்தியம் இல்லை, பாவி இல்லை. மருந்து இருக்கிற ஒரு நோயாளி!

இதில் எல்லோருக்கும் ஒரு பாடம் உண்டு. பழைய அமைப்பு எல்லா வேதனைக்கும் ஒரே காரணம் சொல்லும்: உன் விசுவாசம் போதவில்லை. வெளியே வந்தவரும் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் தேடினால், அது பழைய பழக்கத்தின் நீட்சிதான். நடுக்கம் பயமாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். கோபத்துக்கு அடியில், இழந்த வருடங்களுக்கான துக்கம் கிடக்கலாம். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குச் சில நேரம் மருத்துவர் தேவை, சில நேரம் நண்பர் தேவை.

இரண்டு முறை எழுதிய கதை

மடத்து நாட்களை 1981-ல் நூலாக்கிய கேரன், வெளியே வந்த பிறகான வாழ்க்கையை 1983-ல் எழுதினார். எல்லாம் நலமே முடிந்தது என்ற தொனியில் எழுதப்பட்ட புத்தகம் அது. தான் எழுதியவற்றிலேயே மோசமானது அதுதான் என்று பிறகு அவரே தள்ளிவைத்தார். அதே ஆண்டுகளை 2004-ல் மறுபடி எழுதினார். தோற்றுப்போன முனைவர் பட்ட ஆய்வு, வலிப்பால் கைவிட்டுப்போன ஆசிரியர் வேலை, தனிமை எல்லாம் அதில் இடம்பெற்றன. மடத்தில் 'நான் பாவி' என்று ஒப்பிக்கப் பழகியவருக்கு, 'நான் நலம்' என்று ஒப்பிப்பது எளிதாக வந்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லக் கூடுதலாக இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இடையில் நடந்ததுதான் வியப்பு. சில காலம் மதத்தின் மீது கசப்போடு பேசியும் எழுதியும் வந்த அவர், அதே மதங்களை ஆராயத் தொடங்கினார். 1991-ல் முகம்மது நபியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தனக்கு அந்நியமான ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள, சொந்த விருப்பு வெறுப்பை ஒதுக்கி அவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மடமும் சுயத்தை ஒதுக்கத்தான் சொன்னது. ஆனால், அங்கே மேலதிகாரிக்குப் பணிய ஒதுக்கினார். இங்கே இன்னொருவர் வலியை உணர ஒதுக்கினார். உறைந்துகிடந்த உணர்வு இந்த வேலையில்தான் இளகியது என்கிறார் கேரன்.

திருச்சபைக்கு அவர் திரும்பவில்லை. எதிர்முகாமிலும் சேரவில்லை. எந்தச் சபையையும் சாராத ஏக இறை நம்பிக்கையாளர் என்று தன்னை அழைத்துக்கொண்டார். 2008-ல் டெட் (TED) பரிசு கிடைத்தபோது, கருணைக்கான ஒரு பிரகடனத்தை உருவாக்க உதவும்படி உலகத்தைக் கேட்டார். அது 2009-ல் வெளியானது.

வெளியே வந்தவர்களிடம் எல்லோரும் கேட்பது, 'இப்போது எதை நம்புகிறாய்?' என்பதைத்தான். அதற்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்று யாராவது கேட்கும்போது, அனுமதி தேடாமல், தீர்ப்புக்கு அஞ்சாமல் ஒரு பதில் வாயில் வர வேண்டும். சுயம் திரும்புவது அந்தப் பதிலில்தான்.